நாற்காலிக்குத் தெரியாத முதுகு

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எனக்கு முன்னாலே பேசி, எங்கள் அணியை எழுந்திருக்க விடாமல் அடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! அவையிலே நிறைந்திருக்கின்ற பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டிலே சோபாவில் பாதி உட்கார்ந்தும் பாதி படுத்தும் இந்த நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கிற அன்பு உள்ளங்களே! (சிரிப்பு)

இப்போது 'பாதி படுத்து' என்று சொன்னேன் பாருங்கள், உடனே நாலு வீட்டிலே நாலு பேர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். அதைச் செய்தது எது? நாற்காலியா? இல்லை ஐயா. ஒரு மனுஷன் சொன்ன ஒரு சொல்!

நடுவர்: அந்தச் சொல்லும் டி.வி.ங்கிற கருவி வழியாத்தானே போச்சு?

ஐயா, தபால்காரர் மணியார்டர் கொண்டு வந்து கொடுத்தா, பணம் அனுப்பினது தபால்காரர்னு சொல்லுவோமா? அனுப்பினது நான். கொண்டு போனது டி.வி. (கைதட்டல்)

இன்றைய தலைப்பு: 'மனிதனை நிமிர வைப்பது அறிவுள்ள கருவிகளா? அக்கறையுள்ள மனிதர்களா?' அக்கறையுள்ள மனிதர்களே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணியிலே பேசிய தம்பி ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நிஜ நாற்காலி இல்லை, வார்த்தையிலே. அறிவுள்ள நாற்காலியாம், ஸ்மார்ட் நாற்காலியாம். இருக்கையிலும் சாய்மானத்திலும் அழுத்தத்தை அறிகிற உணரிகள் வைத்திருக்கிறார்கள். நாம் கோணலாக உட்கார்ந்தால் எந்தப் பக்கம் பாரம் கூடுகிறது என்று கண்டுபிடிக்கிறது. உடனே 'விர்ர்' என்று அதிர்கிறது. 'அய்யா, கூன் போடுறீங்க' என்று செல்போனுக்குச் சேதி அனுப்புகிறது. சில நாற்காலிகளிலே காற்றுப் பை ஊதி, இடுப்பைத் தானாகவே தாங்குகிறதாம். தம்பி சொன்னதெல்லாம் உண்மை. அமெரிக்காவிலே பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாங் டான் என்ற அம்மையாரும் நண்பர்களும், உட்காருகிற தோரணையை நாற்காலியே அடையாளம் காணுகிற ஆராய்ச்சியை 2001ஆம் ஆண்டிலேயே வெளியிட்டுவிட்டார்கள். நான் மறுக்கவில்லை.

இன்னொன்றையும் மறுக்கவில்லை. 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகத்திலே கீழ்முதுகு வலியோடு வாழ்ந்தவர்கள் ஏறக்குறைய 61.9 கோடிப் பேர். மனிதர்களை இயங்க முடியாமல் முடக்குகிற காரணங்களிலே முதல் இடம் இதற்குத்தான் என்று மருத்துவ உலகம் சொல்கிறது. அப்படியானால் இது வேடிக்கையான தலைப்பு இல்லை. கோடிக்கணக்கான பேர் ராத்திரியிலே புரண்டு படுக்க முடியாமல் படுகிற வேதனை. ஆகவே வேதனையைத் தீர்ப்பது யார் என்று நிதானமாகப் பார்ப்போம்.

தமிழிலே ஒரு அழகு பாருங்கள். 'இரு' என்று சொன்னால் உட்கார் என்றும் பொருள், உயிரோடு இரு என்றும் பொருள். 'இருக்கை' என்பது அதிலிருந்துதான் வந்தது. நம்ம ஊரிலே 'இருங்க, இருங்க' என்று விருந்தாளியைச் சொன்னால், உட்காருங்கள் என்றும் அர்த்தம், போகாதீர்கள் என்றும் அர்த்தம். ஆனால் 'அசையாமல் இரு' என்று யாரைச் சொல்வோம்? ஊசி போடும்போது குழந்தையைச் சொல்வோம். அதுவும் ஒரு நிமிஷம்! இந்த நாற்காலியோ பத்து மணி நேரம் உட்கார்ந்தாலும் பரவாயில்லை, நேராக உட்கார் என்கிறது. (சிரிப்பு)

நேராக உட்கார்ந்தால் தீர்ந்ததா? 1999ஆம் ஆண்டிலே ஜெர்மனி நாட்டின் ஊல்ம் நகரத்து ஆராய்ச்சியாளர் வில்கேயும் அவர் குழுவினரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 45 வயது மனிதர் ஒருவர் தன் முதுகையே கொடுத்தார். அவருடைய இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டுக்குள்ளே, 4ஆவதுக்கும் 5ஆவதுக்கும் இடையிலே, அழுத்தத்தை அளக்கிற நுண்கருவியை வைத்தார்கள். நின்றார், உட்கார்ந்தார், படுத்தார், குனிந்தார். என்ன தெரிந்தது தெரியுமா? நாற்காலியிலே தளர்ந்து சரிந்து சாய்ந்திருந்தபோது அழுத்தம், நிற்கும்போது இருந்ததைவிடக் குறைவு! நம்ம பையன் சாய்ந்துகொண்டு டி.வி. பார்க்கும்போது நாம் திட்டினோமே, அந்தத் தோரணை! (சிரிப்பு, கைதட்டல்)

பையன்கள் கைதட்டாதீங்கப்பா, இன்னும் முடிக்கலை. சோதனைக்கு உட்பட்டவர் ஒரே ஒருவர். அதை வைத்து எல்லோரும் சரிந்து கிடங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த ஆய்வாளர்கள் முக்கியமாகச் சொன்னது வேறு. தோரணையை மாற்றிக்கொண்டே இருங்கள் என்றார்கள். ஏன்? முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கிற அந்த வட்டின் உட்பகுதிக்கு நேரடியான ரத்தக் குழாய் கிடையாது. பஞ்சை அமுக்கி விட்டால் தண்ணீரை விட்டுவிட்டு மறுபடி உறிஞ்சிக்கொள்கிறது இல்லையா, அந்த மாதிரி நாம் அசைய அசையத்தான் அதற்குள்ளே நீர் போய் வருகிறது, சத்து சேருகிறது. சிலை மாதிரி நேராக உட்கார்ந்தாலும் சிலை சிலைதான்! அசைவு இல்லாத நேர்மை முதுகுக்கு உதவாது ஐயா. (கைதட்டல்)

இன்னொரு சான்று. லண்டன் மாநகரத்து இரட்டை மாடிப் பேருந்து. ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் 1953ஆம் ஆண்டிலே ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார். ஒரே பேருந்து, ஒரே புகை, ஒரே நெரிசல். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். நடத்துநர் டிக்கெட் கொடுக்க மாடிப்படி ஏறி ஏறி இறங்குகிறார். யாருக்கு மாரடைப்பு வகை இதய நோய் அதிகம்? உட்கார்ந்திருந்த ஓட்டுநருக்கு. இப்போது எதிரணித் தம்பியைக் கேட்கிறேன்: அந்த ஓட்டுநருக்கு உங்கள் அறிவுள்ள நாற்காலியைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் நேராக உட்கார்ந்திருப்பார். ஆனால் மாடிப்படி ஏறியிருப்பாரா? (கைதட்டல்)

அதனாலேதான் சொல்கிறேன், 'ஒழுங்காக உட்கார்' என்று சொல்கிறவரைவிட, 'எழுந்திரு' என்று சொல்கிறவர் பெரியவர். நம் வீட்டிலே அதைச் சொல்கிறவர் யார்? அம்மா! 'ஏண்டா, எவ்வளவு நேரமா அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கே, எந்திரிச்சுப் போயி கருவேப்பிலை பறிச்சுட்டு வா.' 'அப்படியே மாடியிலே காயுற துணியை எடுத்துட்டு வா.' 'அப்பாவுக்குத் தண்ணி கொண்டு போய்க் குடு.' நாம் என்ன நினைத்தோம்? அம்மா வேலை வாங்குகிறாள் என்று நினைத்தோம். இல்லை ஐயா! அரை மணிக்கு ஒரு முறை அதிர்கிற ஸ்மார்ட் நாற்காலி அது! மின்சாரம் வேண்டாம், சார்ஜ் போட வேண்டாம், அணைக்கவும் முடியாது! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

நாற்காலி அதிர்ந்தால் அந்த அதிர்வை நிறுத்தி வைக்க ஒரு பொத்தான் இருக்கிறது. முதல் வாரம் மதிப்போம். இரண்டாவது வாரம் சலிப்போம். மூன்றாவது வாரம் அணைப்போம். அம்மாவுக்குப் பொத்தான் எங்கே இருக்கிறது?

நடுவர்: இருந்திருந்தா எங்க அப்பா கண்டுபிடிச்சிருப்பாரு. (பலத்த சிரிப்பு)

நம் முன்னோர் ஒரே மாதிரியா உட்கார்ந்தார்கள்? சம்மணம் போட்டார்கள், குந்தினார்கள், மண்டியிட்டார்கள், ஒரு காலை மடித்து ஒரு காலை நீட்டினார்கள். கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். தட்சிணாமூர்த்தி ஒரு காலைத் தொங்கவிட்டு ஒரு காலை மடித்து உட்கார்ந்திருக்கிறார். யோக நரசிம்மர் வேறு மாதிரி அமர்ந்திருக்கிறார். சாமிகளே வித விதமாக உட்காருகிறபோது, ஆசாமிக்கு மட்டும் ஒரே தோரணையா? (கைதட்டல்)

சாப்பிடத் தரையிலே உட்கார்ந்து எழுந்தோம். அரிசி புடைக்க உட்கார்ந்து எழுந்தோம். முதுகு ஒடிய உழைத்த அந்த வாழ்க்கையைப் பொற்காலம் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். நாற்று நட்டவர்களுக்கு இடுப்பு வலி இல்லையா? இருந்தது. முழங்கால் வலிக்கிற பெரியவர்களைத் தரையிலே உட்கார் என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் உடம்பு ஒரே இடத்திலே உறைந்து கிடக்கவில்லை. 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்று அன்றைக்குக் கேட்டார்கள். இன்றைக்கு ஐந்து வயதுப் பிள்ளை செல்போனைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருக்கிறது. நான் மாற்றிக் கேட்கிறேன்: ஐந்தில் வளைந்தது ஐம்பதில் நிமிருமா? (பலத்த கைதட்டல்)

அடுத்து முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நாற்காலிக்கு அறிவு இருக்கிறது, சரி. அந்த அறிவு யாருக்கு வேலை செய்கிறது? 2021ஆம் ஆண்டுத் தொடக்கத்திலே ஒரு செய்தி உலகம் முழுக்க வந்தது. சீனாவிலே ஹாங்சோ நகரத்திலே ஒரு நிறுவனம் ஊழியர்களுக்கு ஸ்மார்ட் மெத்தை கொடுத்தது. நாற்காலியிலே போட்டுக்கொள்ளலாம். நாடித் துடிப்பைப் பார்க்கும், உட்காரும் தோரணையைப் பார்க்கும். நல்லதுதானே? ஒரு நாள் மனிதவள அதிகாரி ஒரு ஊழியரைக் கேட்கிறார்: 'காலையிலே பத்து மணியிலிருந்து பத்தரை வரைக்கும் உங்க இடத்திலே நீங்க இல்லையே, ஏன்?' என்று! முதுகைப் பார்க்க வந்த கருவி, ஆளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. எழுந்து நட என்று சொல்ல வேண்டிய நாற்காலி, எழுந்தவனைக் காட்டிக்கொடுத்துவிட்டது. இதுவா ஐயா நிமிர வைப்பது? எழுந்து போகவே பயப்படுகிறவன் முதுகு நேராக இருந்தாலும், அவன் நிமிர்ந்தவனா? (நீண்ட கைதட்டல்)

திருக்குறளிலே 'மருந்து' என்று ஒரு அதிகாரம், 95ஆவது அதிகாரம். நோயைப் பார், அது எதனாலே வந்தது என்று பார், பிறகு தீர்க்கும் வழியைப் பார் என்பது வள்ளுவர் காட்டும் வரிசை. நாற்காலி முதல் படியிலேயே நின்றுவிடுகிறது. கூன் விழுகிறது என்று அதற்குத் தெரியும். ஏன் விழுகிறது என்று தெரியுமா? நாளைக்குள் முடிக்க வேண்டிய வேலை அழுத்துகிறது என்று தெரியுமா? வீட்டுக் கடன் அழுத்துகிறது என்று தெரியுமா? எத்தனை கிலோ அழுத்தம் என்று அதற்குத் தெரியும். என்ன அழுத்தம் என்று மனிதனுக்குத்தான் தெரியும். (கைதட்டல்)

கடைசியாக ஒன்று. இவ்வளவு நேரம் நாற்காலி எப்படி உட்கார வைக்கிறது என்று பேசினோம். நாற்காலியே இல்லாதவர்களை நினைத்தோமா?

தீபாவளிக்குத் துணிக்கடைக்குப் போகிறோம். நாம் உட்காருகிறோம். எதிரே ஒரு பெண், இருபது வயது இருக்கும். நாற்பது புடவையை விரித்துப் போடுகிறாள். 'பிடிக்கலை' என்று எழுந்து போகிறோம். அத்தனையையும் மடிக்கிறாள், நின்றுகொண்டே. காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே. உட்கார இடம் கிடையாது. காலிலே நரம்பு சுருண்டு புடைத்துக்கொள்கிறது. 2010ஆம் ஆண்டிலே வசந்தபாலன் 'அங்காடித் தெரு' என்று அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கையைப் படமாக எடுத்தார். பார்த்துவிட்டு அழுதோம். மறுநாள் அதே மாதிரிக் கடைக்குப் போய்ப் புடவை எடுத்தோம்.

கேரளத்திலே துணிக்கடைப் பெண்கள் 'எங்களுக்கு உட்காரும் உரிமை வேண்டும்' என்று வருஷக்கணக்கிலே போராடினார்கள். 2018ஆம் ஆண்டிலே அங்கே சட்டம் திருத்தப்பட்டது. 2021ஆம் ஆண்டிலே நம் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 1947ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சொன்னது. இங்கிலாந்திலே 1899ஆம் ஆண்டிலேயே, கடையிலே மூன்று பெண்களுக்கு ஒரு இருக்கையாவது போட வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. அங்கேயும் சரி, இங்கேயும் சரி, எந்த உணரி கண்டுபிடித்தது அந்தக் கால் வலியை? எந்த நாற்காலி அதிர்ந்தது? மனிதர்கள் கேட்டார்கள். மனிதர்கள் செவி கொடுத்தார்கள். கிடைத்தது சாதாரண முக்காலி. ஆனால் அதிலே ஐந்து நிமிஷம் உட்கார்ந்து எழுந்த பெண் நிமிர்ந்தாள் ஐயா! (பலத்த கைதட்டல்)

சட்டம் வந்தால் போதுமா? அடுத்த முறை கடைக்குப் போகும்போது கல்லாவுக்குப் பின்னாலே பாருங்கள், இருக்கை இருக்கிறதா என்று. இருந்தால், 'உக்காரும்மா, நாங்க பாத்துட்டுச் சொல்றோம்' என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். இல்லையென்றால் முதலாளியிடம் ஏன் இல்லை என்று கேளுங்கள். அதற்குச் செலவு கிடையாது.

வாங்க வசதி உள்ளவர்கள் அறிவுள்ள நாற்காலியை வாங்குங்கள், நான் தடுக்கவில்லை. வலி நிலைத்துவிட்டால் மருத்துவரைப் பாருங்கள், நாற்காலியைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள். ஆனால் தன் முதுகை நேராக்கிக்கொள்ள நாற்காலியைக் கேட்கிறவன், பக்கத்திலே நிற்கிறவள் காலையும் ஒரு தரம் பார்க்கட்டும். அந்தப் பார்வை மனிதனிடம் மட்டுமே இருக்கிறது. ஆகவே நடுவர் அவர்களே, நீங்களும் ரொம்ப நேரமாக அசையாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். (சிரிப்பு) எழுந்து நின்று, மனிதனை நிமிர வைப்பது அக்கறையுள்ள மனிதர்களே என்று தீர்ப்பு வழங்குங்கள் என்று கேட்டு அமைகிறேன். (நீண்ட கைதட்டல்)