சாவி யார் கையில் இருக்கும்?

(தூத்துக்குடியில் இளைஞர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



"என்னிடம் மறைக்க ஒன்றும் இல்லை, அரசு பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்." வாட்ஸ்அப் செய்திகளை அரசு திறந்து பார்க்க வழி வேண்டுமா, வேண்டாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் யாராவது ஒருவர் இப்படிச் சொல்கிறார். நம் தோழர்களிலேயே சிலர் சொல்கிறார்கள். சாதி வெறியைப் பரப்புகிறவனைப் பிடிக்க வேண்டாமா என்றும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதைத் தள்ளிவிட்டுப் போக நான் வரவில்லை. ஆனால் அதற்கு முன்னால் நம்மைப் போன்றவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அரசு என்று சொல்கிறோமே, நம் ஊரில் அந்த அரசு யார்?

முதலில் விஷயத்தைப் பார்ப்போம். மறையாக்கம் என்றதும் பொறியியல் கல்லூரிப் பாடம் என்று மிரள வேண்டாம். மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். சுற்றி ஐம்பது பேர் நிற்பார்கள், விலை ஒருவருக்கும் தெரியாது. முத்து வியாபாரத்திலும் இதே வழக்கம் இருந்தது. இந்தக் கரைக்கு அது புதிதல்ல. சிக்னல், வாட்ஸ்அப் இரண்டிலும் நடப்பது அதுதான். உங்கள் கைபேசியில் பூட்டப்படும் செய்தி, பெறுகிறவர் கைபேசியில்தான் திறக்கும். நடுவில் இருக்கும் கம்பெனிக்கே தெரியாது. அரசு கேட்பது, அந்தத் துண்டுக்கு அடியில் மூன்றாவதாக ஒரு கையை.

இந்த வழக்கு பெரிதாகக் கிளம்பியதே நம் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான். இணையவழி அவதூறைத் தடுக்கச் சமூக ஊடகக் கணக்குகளை ஆதாரோடு இணைக்க வேண்டும் என்று 2018-இல் பொதுநல மனுக்கள் போட்டார்கள். ஆதார் பேச்சு ஓய்ந்து, ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று கண்டுபிடிக்க முடியுமா என்பதாக வழக்கு மாறியது. ஒவ்வொரு செய்தியோடும் அனுப்பியவரின் அடையாளத்தைச் சேர்த்தே அனுப்பலாம் என்று ஐ.ஐ.டி. பேராசிரியர் காமகோடி 2019-இல் யோசனை சொன்னார். அதே ஆண்டு வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2021 பிப்ரவரியில் ஒன்றிய அரசு கொண்டுவந்த தகவல் தொழில்நுட்ப விதிகளில் இது விதியாகவே வந்துவிட்டது. நீதிமன்றமோ உரிய அதிகாரியோ கேட்டால், முதலில் அனுப்பியவரை நிறுவனம் காட்ட வேண்டும். வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மறையாக்கத்தை உடைக்கச் சொன்னால் நாங்கள் இந்தியாவில் இருக்க முடியாது என்று 2024 ஏப்ரலில் அதன் வழக்கறிஞர் அங்கே சொன்னார்.

ஆனால் இந்த விவாதம் வாட்ஸ்அப்போடு பிறந்தது அல்ல. 1947-இல் அரசியல் நிர்ணய சபை அடிப்படை உரிமைகளை எழுதிக்கொண்டிருந்தபோதே நடந்தது. கடிதப் போக்குவரத்தின் ரகசியம் ஓர் அடிப்படை உரிமை என்று துணைக்குழுவின் வரைவில் இருந்தது. அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர் எதிர்த்தார். தனிப்பட்ட கடிதத்துக்கெல்லாம் இப்படி ஒரு பாதுகாப்புக் கொடுத்தால் வழக்குகளில் சாட்சியம் கொண்டுவருவதே சிக்கலாகும் என்பது அவர் வாதம். போலீஸ் விசாரணை தடைபடும் என்று பி.என். ராவ் சொன்னார். அந்தப் பிரிவு காணாமல் போயிற்று.

அதே 1947-இல் அம்பேத்கர் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஒருவரின் உடல், வீடு, காகிதங்கள், உடைமைகள் ஆகியவற்றைக் காரணமின்றிச் சோதனையிடவோ கைப்பற்றவோ கூடாது என்பதை அடிப்படை உரிமையாக வைத்திருக்கிறார். 1948 டிசம்பரில் காஜி சையத் கரீமுதீன் சபையில் இதே பொருளில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ஏற்றுக்கொள்ளத் தயார் என்றார் அம்பேத்கர். சபை அதைத் தோற்கடித்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொல்வதற்கு 2017 ஆகஸ்ட் 24 வரை ஆனது. அந்தரங்கம் மேல்தட்டுக் கவலை, நமக்கு வயிற்றுப்பாடுதான் முக்கியம் என்று பேசுகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். சேரியில் யார் வேண்டுமானாலும் எந்த நேரமும் நுழையலாம், அக்ரகாரத்தில் நுழைய முடியாது என்ற நாட்டில், வீட்டைச் சோதனையிடக் காரணம் கேள் என்று எழுதியவர் அம்பேத்கர்.

இப்போது இந்த ஊருக்கு வருவோம். 2018 மே 22. ஸ்டெர்லைட்டை மூடச் சொன்ன போராட்டத்தின் நூறாவது நாள். துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர்கள் போயின. மறுநாளே தூத்துக்குடி, நெல்லை, குமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்தினார்கள். வதந்தி பரவுகிறதாம். அன்று பரவியவை என்ன? மக்கள் கைபேசியில் எடுத்த படங்கள். யார் சுட்டது, எங்கே நின்று சுட்டது, அடிபட்டவரை யார் தூக்கிக்கொண்டு ஓடியது என்பதெல்லாம் அவற்றில்தான் இருந்தன. பின்னால் அருணா ஜெகதீசன் ஆணையம் போலீஸ் மீதே குற்றம் கண்டு, 17 காவலர்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது. அந்த அறிக்கை சட்டமன்றத்துக்கு வந்தது 2022 அக்டோபரில். நடுவில் நான்கு ஆண்டுகளுக்கு மேல்.

அந்த நான்கு ஆண்டில் 'முதலில் அனுப்பியவர் யார்' என்ற விதி முழு வேகத்தில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். பொது ஒழுங்கு என்ற காரணத்துக்காகக் கேட்கலாம் என்று விதியிலேயே இருக்கிறது. மொட்டை மாடியில் நின்று படம் எடுத்த ஒரு கல்லூரி மாணவி அந்த விதியின் கண்ணில் சாட்சி அல்ல. அவள் 'முதலில் அனுப்பியவள்'. ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை அவையில் இந்தத் துப்பாக்கிச் சூட்டைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பிய திருமுருகன் காந்தியை 2018 ஆகஸ்டில் பெங்களூரு விமான நிலையத்திலேயே பிடித்தார்கள். மேடையில் பெயர் சொல்லிப் பேசியவருக்கே அந்தக் கதி. 2021-இல் வெளிவந்த பெகாசஸ் எண்களின் பட்டியலில் அவருடைய எண்ணும், பெரியாரிய இயக்கத் தோழர்கள் சிலரின் எண்களும் இருந்ததாகச் செய்தி வந்தது. பட்டியலில் எண் இருந்தால் கைபேசிக்குள் புகுந்துவிட்டார்கள் என்று பொருள் இல்லை, அது எனக்கும் தெரியும். குறி யார் மேல் இருந்தது என்பது தெரிகிறதல்லவா?

அரசு யார் என்று கேட்டேன். டெல்லியில் அது சட்டப் பிரிவு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு. மறையாக்கத்தைத் திறக்க உதவ மறுத்தால் 7 ஆண்டு வரை சிறை. ஊருக்கு வந்தால் அது ஸ்டேஷன். தனிப்பிரிவு ஏட்டு. டீக்கடையில் உட்கார்ந்து, இன்றைக்கு எந்தப் பையன் எந்தக் கூட்டத்துக்குப் போனான் என்று கேட்பவர். அவருக்கும் சாதி இருக்கிறது, சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், குலதெய்வக் கோயில் கொடைக்கு வரி கட்டுகிறார்.

2014-இல் உசிலம்பட்டியில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். சாதி மறுத்துத் திருமணம் செய்து கேரளத்துக்குப் போன இணையரைப் போலீஸ் ஊருக்குக் கொண்டுவந்தது. சில மாதங்களில் அந்தப் பெண் உயிரோடு இல்லை. அந்த வழக்கில்தான் 2016 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம், இப்படிப்பட்ட இணையரைக் காக்க மாவட்டந்தோறும் தனிப் பிரிவு வேண்டும் என்று உத்தரவிட்டது. ஓடிப்போகும் இணையருக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு, எங்கே இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாததுதான். 'பெண்ணைக் காணவில்லை' என்று ஒரு புகார் எழுதினால் செல்போன் டவரை வைத்துத் தேடத் தொடங்குகிறார்கள். செய்தியைப் படிக்கவும் வழி வந்துவிட்டால், எந்தத் தோழர் அடைக்கலம் கொடுத்தார் என்பதும் தெரிந்துவிடும்.

2025 ஜூலை 27, பாளையங்கோட்டை. கொல்லப்பட்ட இளைஞர் நம் மாவட்டத்துக்காரர். பெயரை நான் சொல்ல வேண்டியதில்லை, இங்கே இருக்கிற சிலருக்கு அது சொந்தக்காரர் பெயர். குற்றம் சாட்டப்பட்டவரின் தாய், தந்தை இருவருமே காவல்துறையில் சார்பு ஆய்வாளர்கள். அங்கே யாரும் யாருடைய செய்தியையும் ஒட்டுக்கேட்டதாக நான் சொல்லவில்லை. வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது. நான் சொல்வது, 'அரசிடம் சாவியைக் கொடுப்பது' என்ற சொற்றொடர் நெல்லையிலும் தூத்துக்குடியிலும் என்ன பொருள் தருகிறது என்பதைத்தான்.

வேங்கைவயல் இன்னொன்று. 2022 டிசம்பரில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தார்கள். 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை கொடுத்தது, மூன்று தலித் இளைஞர்கள் மீதே. அந்தச் சூட்டோடு, விசாரணையில் எடுத்ததாகச் சொல்லப்பட்ட கைபேசிப் பேச்சுகளும் படங்களும் சமூக ஊடகமெங்கும் சுற்றின. நீதிமன்றத்தில் சோதிக்கப்பட வேண்டியவை டீக்கடையில் தீர்ப்பாயின. யார் வெளியே விட்டது என்று எந்த 'முதலில் அனுப்பியவர்' விசாரணையும் நடந்ததாக நான் கேள்விப்படவில்லை.

இனி அந்த நியாயமான கேள்வி. 2019 ஏப்ரலில் பொன்னமராவதியில் ஒரு சமூகத்துப் பெண்களை இழிவுபடுத்திய வாட்ஸ்அப் ஒலிப்பதிவு ஒன்று ஊரையே கலவரத்தில் தள்ளியது. 2018-இல் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்ற வதந்தியில் தமிழ்நாட்டிலேயே மனிதர்களை அடித்துக் கொன்றார்கள். பூட்டு இருப்பதால் இப்படிப்பட்ட சில வழக்குகளில் கிளப்பிவிட்டவனைக் கண்டுபிடிப்பது தாமதமாகும். சிலவற்றில் பிடிபடாமலே போவான். அந்த விலை உண்மையானது. அதையும் சேர்த்துத்தான் நான் பூட்டு வேண்டும் என்கிறேன்.

ஏனென்றால் துண்டு மறைப்பது சுற்றி நிற்பவர்களிடமிருந்து மட்டும்தான். விலை கேட்ட இரண்டு பேரில் ஒருவர் வாயைத் திறந்தால் போதும். குழுவில் வந்த சாதி வசவை அந்தக் குழுவில் இருக்கிற ஒருவர் காட்டலாம், புகார் கொடுக்கலாம், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போடலாம். யாரிடமிருந்து வந்தது என்று ஒவ்வொரு கைபேசியாகப் பின்னோக்கிப் போகலாம். மெதுவான வேலை, ஆனால் அது போலீஸ் வேலை. அதைவிட முக்கியம், நம் மாவட்டங்களில் சாதி வெறி ஒளிந்துகொண்டு நடப்பதில்லை. அரிவாளோடு ரீல்ஸ் போடுகிறான், சாதிப் பெயரைத் தலைப்பிலேயே போடுகிறான், முகம் தெரிகிறது, வண்டி நம்பர்கூடத் தெரிகிறது. அதைப் பார்க்க எந்தச் சாவியும் வேண்டாம். திறந்து கிடப்பதன் மேல் கைவைக்காதவர்கள் பூட்டியதைத் திறக்கக் கேட்டால், எதற்கு என்று கேட்பேன்.

கம்பெனிக்காரன் நம் தோழன் என்றும் நினைக்க வேண்டாம். மெட்டா நீதிமன்றத்துக்குப் போனது தன் வியாபாரத்துக்காக. நீங்கள் யாரோடு, எப்போது, எவ்வளவு நேரம் தொடர்பில் இருந்தீர்கள் என்பது அவனிடம் இருக்கிறது, கேட்டால் கொடுப்பான். செய்திக்குள் இருப்பது மட்டும்தான் பூட்டப்பட்டது. ரோட்டில் வண்டியை மறித்து "போனைத் திற" என்று சொல்லும் கான்ஸ்டபிள் முன்னால் எந்த மறையாக்கமும் வேலை செய்யாது. ஹைதராபாத்தில் 2021-இல் கஞ்சா தேடுகிறோம் என்று வழியில் போகிறவர்களின் வாட்ஸ்அப்பைப் போலீஸ் பார்த்தது. எந்தச் சட்டப்படி என்று கேட்க ஒரு வழக்கறிஞரின் எண் கையில் இருக்க வேண்டும், தோழர்களே.

கைபேசியை எடுங்கள், முடித்துக்கொள்கிறேன். வாட்ஸ்அப் அமைப்புகளில் 'சாட்ஸ்', அதற்குள் 'சாட் பேக்கப்'. கூகுள் டிரைவில் சேரும் அந்த நகல், நீங்களாகப் போய்ப் பூட்டினால் ஒழியப் பூட்டப்படுவதில்லை. பூட்டும் வசதி 2021-இலிருந்து இருக்கிறது, பலர் அந்தப் பக்கம் போனதே இல்லை. இணையருக்கு உதவும் குழுக்களில் இருக்கிறவர்கள் இன்றைக்கே செய்யுங்கள், மறைந்துபோகும் செய்தி வசதியையும் போடுங்கள். எப்படி என்று தெரியாதவர்கள் இருந்து கேட்டுவிட்டுப் போகலாம். ஏழு மணி வரை இங்கேதான் இருக்கிறேன்.