திராட்சைக் கொடியும் வீட்டு நாயும்

விடுமுறை வந்தால் கம்பம், சின்னமனூர் பக்கமிருந்து கொச்சி வண்டர்லா, மதுரை அதிசயம் போன்ற கேளிக்கைப் பூங்காக்களுக்கு குடும்பத்தோடு கிளம்பிவிடுகிறோம். அங்கே நாயை உள்ளே விடமாட்டார்கள். காரிலேயே இருக்கட்டும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் 10 நிமிடத்தில் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும்.

நம் ஊர் வழக்கம், தோட்டத்தில் கொண்டுபோய்க் கட்டிவிட்டுப் போவது. தென்னந்தோப்பு என்றால் சரி. திராட்சைத் தோட்டம் என்றால் யோசியுங்கள். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் பன்னீர் திராட்சை நமக்கு அமிர்தம்தான். ஆனால் எந்தத் திராட்சையும், காய்ந்ததும்கூட, நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்துவிடலாம். எந்த நாய்க்கு எத்தனை பழத்தில் ஆபத்து என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. கொடிக்கடியில் உதிர்ந்ததைத் தின்றது தெரிந்தால், வாந்தி வரட்டும் என்று காத்திராமல் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

பார்த்துக்கொள்ளும் தோட்டத்து அண்ணனிடம் இதைச் சொல்லி, தடுப்பூசி அட்டையையும் கொடுங்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே அவர் கையால் சோறு வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் உடுத்திய பழைய சட்டை ஒன்றும் நாயின் பக்கத்தில் கிடக்கட்டும்.