முதலில் துப்புரவு, பிறகு கடவுச்சொல்



கட்டாரிலிருந்தும் சவூதியிலிருந்தும் வரும் காசை இன்று கல்முனையில் பலர் கணினியிலேயே பார்க்கிறார்கள். வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டும்போது, ஒவ்வோர் எழுத்தையும் ஒளிந்திருந்து குறித்தெடுக்கும் மென்பொருள் ஒன்று உண்டு. பெயர் கீலொகர். இலவசமென்று இறக்கும் திருட்டு மென்பொருளோடு அது வந்து குந்திவிடும்.

சந்தேகமா? அந்தக் கணினியிலேயே கடவுச்சொல்லை மாற்றாதீர்கள். கள்ளன் வீட்டுக்குள் இருக்க, பூட்டை மாற்றி என்ன பயன்?

முதலில் துப்புரவு. விண்டோஸிலேயே டிஃபெண்டர் என்ற பாதுகாப்பு மென்பொருள் இருக்கிறது. அதில் ஓஃப்லைன் ஸ்கேன் கொடுங்கள். கணினி நின்று மீண்டும் எழும்பும்; விண்டோஸ் தொடங்குமுன்பே தேடும். நீங்கள் போடாத மென்பொருள் ஏதும் இருந்தால் நீக்குங்கள். கீபோர்ட் வயர் கணினியில் சேரும் இடத்தையும் பாருங்கள். கீலொகர் சிறு கருவியாகவும் அங்கே செருகப்பட்டிருக்கலாம்; அதை ஸ்கேன் காட்டித் தராது.

பிறகுதான் கடவுச்சொல். அவசரமென்றால், நம்பிக்கையான வேறொரு போனிலிருந்து மாற்றுங்கள். வங்கிக்கும் சொல்லுங்கள்.

பிறர் தட்டுவதை இப்படிக் களவாக எடுப்பது, இலங்கையின் 2007ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம். பொலிஸிலும், கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்திலும் முறையிடலாம்.

மறவாதீர்கள். முதலில் துப்புரவு, பிறகு கடவுச்சொல்.