வட்டத்தின் கணக்கும் உழைப்பின் கூலியும்



இவ்வெள்ளி விழா மேடையில் வட்டத்தின் கணக்கைப் பற்றிப் பேச விழைகிறோம். விழா நாளில் கணக்குப் பாடமா என்று சிலர் எண்ணக் கூடும். கூலிக்கு உழைப்பவர்க்கு இதனினும் நெருங்கிய பாடம் பிறிதொன்றில்லை என்பது நமது துணிபு.

வட்டத்தின் நடுவிலிருந்து விளிம்பு வரை உள்ள தொலைவு ஆரம். அதன் இருமடங்கு விட்டம். விளிம்பைச் சுற்றி வரும் நீளம் சுற்றளவு. வளையலாயினும் வண்டிச் சக்கரமாயினும், சுற்றளவு விட்டத்தைப் போல் மூன்று மடங்கிற்குச் சற்று மிகுந்தே நிற்கும். 7 அடி விட்டத்திற்கு ஏறத்தாழ 22 அடி சுற்றளவு என்பது நாம் பள்ளியில் கற்பிப்பது. கி.பி. 499இலேயே ஆரியபட்டர் இவ்விகிதத்தை 3.1416 என்று நுட்பமாகக் கண்டு கூறினார்.

பரப்பைக் காணும் வழியைக் கணக்கதிகாரம் என்னும் பழந்தமிழ்க் கணக்கு நூல் உரைக்கிறது. சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்க வேண்டும், அவ்வளவே. இதன் காரணத்தை ஒரு காகித வட்டத்தைக் கொண்டே அறியலாம். அதனை நடுவிலிருந்து பதினாறு துண்டுகளாக நறுக்கி, ஒன்றை நேராகவும் அடுத்ததைத் தலைகீழாகவும் சேர்த்து வைத்தால், ஏறத்தாழ ஒரு நீள்சதுரம் உருவாகும். அதன் நீளம் அரைச் சுற்றளவு, அகலம் ஆரம். இத்தகைய எளிய கணக்குகளைக் கற்பித்த திண்ணைப் பள்ளிகளின் வாயில், நம் முன்னோர்க்குப் பெரும்பாலும் அடைத்தே கிடந்தது. அதனால் விளைந்த இழப்பு எத்தகையது என்று பார்ப்போம்.

நம் கல்லல் வட்டாரம் கண்மாயையும் ஊருணியையும் கிணற்றையும் நம்பி வாழும் வறண்ட பூமி. 14 அடி விட்டமுள்ள வட்டக் கிணறு ஒன்றை 20 அடி ஆழம் வெட்டுவதாகக் கொள்வோம். சுற்றளவு 44 அடி. அதில் பாதியாகிய 22ஐ ஆரமாகிய 7ஆல் பெருக்கப் பரப்பு 154 சதுர அடி. வெட்டும் மண் 3,080 கன அடி. பின்னர் அதே ஆழத்தில் 21 அடி விட்டமுள்ள கிணறு வெட்டச் சொல்கிறார்கள். அகலம் ஒன்றரை மடங்குதானே, கூலியும் ஒன்றரை மடங்கு என்று பேசி முடிக்கிறார்கள். கணக்கு அறியாதவர் அதனை நியாயம் என்றே ஏற்பார். ஆனால் பரப்போ 346½ சதுர அடி. மண்ணோ 6,930 கன அடி. அஃது இரண்டேகால் மடங்கு. ஒன்றரை மடங்குக் கூலி 4,620 கன அடிக்கே ஈடாகும். எஞ்சிய 2,310 கன அடியை, அதாவது மூன்றில் ஒரு பங்கு வேலையை, அவர் கூலியின்றியே செய்தவராகிறார்.

கூலியை நெல்லாக அளந்த காலத்து மரக்காலையும் எண்ணிப் பாருங்கள். உயரம் குறையாமல், விட்டம் மட்டும் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் கண்ணுக்கு எளிதில் புலப்படாது. நெல்லோ நூற்றுக்குப் பத்தொன்பது குறைந்துவிடும். ஒன்பதை ஒன்பதால் பெருக்க எண்பத்தொன்றுதானே!

நெல் அளவு சிறிய செய்தியன்று. கூலி நெல்லை உயர்த்திக் கேட்ட போராட்டத்தின் விளைவாகவே, 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 உயிர்கள் எரிந்து கரியாயின. கணக்கு மட்டுமே அக்கொடுமையைத் தடுத்திருக்கும் என்று நாம் கூறவில்லை. அளவுகோல் யார் கையில் இருக்கிறதோ, அவர் சொல்வதே கூலி என்னும் நிலை மாற வேண்டும் என்றே கூறுகிறோம்.

பெற்றோர்களே! அடுத்த முறை கிணற்று வேலையோ உறை இறக்கும் வேலையோ பேசும்போது, எட்டாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகனையோ மகளையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். ஒரு கயிற்றால் விட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். பிள்ளை கணக்கிட்டுச் சொன்ன பிறகே கூலிக்கு ஒப்புக்கொள்ளுங்கள். மதிப்பெண்ணுக்காகக் கற்ற பாடம் அன்று குடும்பத்திற்குச் சோறாகும்.