உப்புக் காற்றும் உரித்த இரும்பும்



பழவேற்காடு என்றதும் உங்களுள் பலருக்கு ஏரியில் வந்திறங்கும் பூநாரைகளும், டச்சுக்காரர் 1613-இல் எழுப்பிய கோட்டையும் நினைவுக்கு வரும். நான் இன்று பேச எடுத்துக்கொண்டது அவற்றைப் பற்றியன்று. அவ்வேரிக்கரைக் குப்பங்களில் இரும்பு படும் பாட்டைப் பற்றியது.

கூனங்குப்பம், அரங்கங்குப்பம் முதலிய ஊர்கள் கிழக்கே வங்கக் கடலுக்கும் மேற்கே உவர்நீர் ஏரிக்கும் இடையே, மணல்மேட்டில் அமைந்தவை. இக்கரையோர முன்னோர் கட்டுமரத்தைக் கயிற்றால் பிணைத்தனர். அலை கடக்கும் படகின் பலகைகளையும் ஆணியின்றிக் கயிற்றாலேயே தைத்தனர். அலை மோதும்போது வளைந்து கொடுப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. துருவுக்கு இடமின்றிப் போனது உடன் கிடைத்த ஊதியம். இன்று படகு கண்ணாடியிழையால் ஆகிவிட்டது. ஆனால் மீனை ஏற்றிச் செல்லும் வண்டியோ இரும்புத் தகட்டால் ஆனது. பனிக்கட்டி உருகி, மீனின் உப்பையும் சேர்த்துக்கொண்டு, வண்டியின் தரையில் தேங்குகிறது. நாளடைவில் தரை ஓட்டையாகிறது. புது வண்டி வாங்க வகையற்றவர் பழையதைச் செப்பனிட்டுக்கொள்கிறார். அது ஓடினால்தான் அன்று பிடித்த மீன் அன்றே சந்தை சேரும்.

செப்பனிடுவோர் பழைய வண்ணத்தையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து எடுக்கின்றனர். (உப்புத்தாளில் உப்பு கிடையாது, ஒட்டியிருக்கும் துகளின் சொரசொரப்பு நோக்கி வந்த பெயர் போலும்.) தகடு வெள்ளிபோல் மின்னுகிறது. பிரைமரை நாளைக்குப் பூசலாம் என்று விட்டுச் செல்கின்றனர். மறுநாட் காலையில் தகடு முழுதும் செம்மஞ்சள் படர்ந்திருக்கிறது. ஓரிரவில் நிகழ்ந்தது யாது?

இரும்பும் நீரும் பிராணவாயுவும் கூடினால் துரு உண்டாகும் என்பதை நீங்கள் வகுப்பில் படித்திருப்பீர்கள். திறந்த வெளியில் இரவில் தகடு காற்றினும் விரைவாகக் குளிர்வதால் அதன்மேல் பனி படிகிறது. இது எவ்வூர்க்கும் பொது. கடற்கரையிலோ கண்ணுக்குத் தெரியாத உப்பும் தகட்டின்மேல் வந்து அமர்கிறது. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75-ஐத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு தானே நீரை உறிஞ்சிக் கரைந்துவிடும். மழைக்காலத்தில் உப்புச்சாடி கசிவது இதனால்தான். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடோ 33 அளவிலேயே ஈரத்தை இழுக்கத் தொடங்கும். ஆகவே பனி விழாத வேளையிலும் உப்புத்துகள் தன்னைச் சுற்றி ஒரு நீர்ப்படலத்தை வைத்துக்கொள்ளும். உப்புநீரில் மின்சாரம் எளிதிற் பாயுமாதலின், தகட்டின் ஓரிடத்தில் இரும்பு கரைகிறது. மற்றோரிடத்தில் பிராணவாயு செலவாகிறது. இதில் குளோரைடு மட்டும் செலவாவதில்லை. துருவுக்கடியில் தங்கி, மீண்டும் மீண்டும் வேலை செய்கிறது. அதன்மேல் எவ்வளவு உயர்ந்த வண்ணம் பூசினாலும் சில மாதங்களில் கொப்புளம் காணும்.

எனவே முதல் வேலை உப்பைக் கழுவுவதே. இங்கேதான் குப்பத்து மக்களுக்கு உண்மையான இடர். கழுவுதற்கு நல்ல தண்ணீர் வேண்டும். உவர்க் கிணற்று நீரால் கழுவுவது உப்பை மீண்டும் பூசுவதே ஆகும். நல்ல தண்ணீர்க் குடம் சமையலுக்கு உரியது. அதை வண்டிக்குக் கொட்டு என்று எந்தத் தாயிடம் சொல்வது? குடங்குடமாகக் கொட்டத் தேவையில்லை என்பதே என் விடை. முதலில் எண்ணெய்ப் பசையைப் போக்கிவிட்டு, தூய துணியை நல்ல நீரில் நனைத்துச் சிறு சிறு பகுதியாகத் துடைக்க வேண்டும். துடைத்த துணியை அதே நீரில் முக்காமல் வேறு துணி எடுக்க வேண்டும். உடனே உலர்துணியால் ஒற்ற வேண்டும். இவ்வாறு செய்தால் சில லிட்டரில் ஒரு தரைத்தகடு தூய்மையாகும். வடகிழக்குப் பருவமழையில் கூரைநீரைச் சேர்த்து வைத்தவருக்கு அக்கவலையும் இல்லை.

நேரமும் அறிதல் வேண்டும். தகடு பனிநிலை வெப்பத்தைவிட 3 பாகை செல்சியசாவது கூடுதலாக இருந்தாலன்றிப் பிரைமர் பூசலாகாது என்பது தொழில் விதி. காலை வெயிலில் பனி உலர்ந்த பின் தொடங்கி, பிற்பகலில் கடற்காற்று வலுக்குமுன் முடிப்பது நலம். அன்று பூசக்கூடிய அளவே அன்று தேய்க்க வேண்டும். தேய்த்த இடத்தை வெறுங்கையால் தொடலாகாது, வியர்வையிலும் உப்புண்டு.

ஒரே நாளில் முடியாதெனில் சிலர் பாஸ்பாரிக் அமிலம் கலந்த நீர்மத்தைப் பூசுவர். அது இரும்பின்மேல் பாஸ்பேட்டுப் படலம் ஒன்றை உண்டாக்கும். கையுறையும் கண்ணாடியும் அணிந்தே இதைச் செய்ய வேண்டும். எஞ்சிய அமிலத்தைக் கழுவாமல் எப்பாக்ஸி பிரைமர் பூசினால் அது சரியாக ஒட்டாது; ஆக, மீண்டும் நல்ல தண்ணீர்! தில்லி இரும்புத்தூண் ஏறத்தாழ 1,600 ஆண்டுகளாக நிற்பதற்கும் அதன் இரும்பிலுள்ள பாஸ்பரஸால் விளைந்த இத்தகைய படலமே காரணமென்று கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் விளக்கினார். தில்லியின் வறண்ட காற்றும் அதற்குத் துணை. அத்தூணைப் பழவேற்காட்டில் நட்டிருந்தால் இத்தனை பெயர் பெற்றிருக்குமா என்பது என் ஐயம்.

கதவுகளின் அடியில் நீர் வடிவதற்காக விட்டிருக்கும் சிறு துளைகளை மீன் செதிலும் சேறும் அடைத்துவிடுவதுண்டு. வெளியே எவ்வளவு பூசினாலும், இவை அடைபட்டால் தகடு உள்ளிருந்தே அரிக்கும். ஒரு குச்சியால் குத்திவிட்டாற் போதும்.

காரைக்குடியில் 1948-இல் கால்கோளிடப்பட்டு 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளின் அரிமானத்தை ஆராய்ந்துள்ளது. இத்தகைய ஆய்வின் முறை எளியது: தகட்டை நிறுத்து, வெளியில் வைத்து, துருவை நீக்கி, மீண்டும் நிறுக்க வேண்டும். நீங்களும் செய்யலாம். பளபளக்கத் தேய்த்த மூன்று ஆணிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை உப்புநீரிலும் மற்றொன்றை மழைநீரிலும் நனைத்து, துடைக்காமல் வையுங்கள். மூன்றாவதை மழைநீரில் கழுவி, உடனே துடைத்து, எண்ணெய் தடவி வையுங்கள். பத்து நாள் கழித்துப் பள்ளி ஆய்வகத் தராசில் நிறுத்துப் பாருங்கள். துருவை முற்றும் தேய்த்து எடுத்த பிறகே நிறுக்க வேண்டும்.