கற்கண்டுக்குள் ஒரு மின்னல்



இந்த வேதியியல் பட்டமளிப்பு விழா அரங்கின் வாசலில் பன்னீர் தெளித்து, சந்தனத்தோடு ஒரு தட்டில் கற்கண்டும் வைத்திருக்கிறார்கள். இன்றைய உரைக்கான பொருள் அந்தத் தட்டில்தான் இருக்கிறது.

கெட்டியான சர்க்கரையை இருட்டில் உடைத்தால் பளிச்சிடும் என்று தத்துவஞானி பிரான்சிஸ் பேக்கன் 1620இல் 'நோவும் ஆர்கனம்' நூலில் எழுதினார். நெருப்பில்லை, சூடில்லை, ஆனாலும் ஒளி.

சர்க்கரை மூலக்கூறு ஒவ்வொன்றிலும் எட்டு ஹைட்ராக்சில் தொகுதிகள் உண்டு. ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் ஹைட்ரஜன் முனையில் சற்றே நேர்மின் தன்மை தங்குகிறது. அந்த முனை பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்கிறது. இந்த ஹைட்ரஜன் பிணைப்புகள்தான் கற்கண்டைக் கல்லாக இறுக்குகின்றன. இப்படி அடுக்கிய படிகத்துக்குச் சமச்சீர் மையம் கிடையாது. அது பிளக்கும்போது ஒரு முகத்தில் நேர்மின்னூட்டமும் எதிர் முகத்தில் எதிர்மின்னூட்டமும் சேர்கின்றன. விரிசலைத் தாண்டி மின்சாரம் பாய, இடையிலிருக்கும் காற்றின் நைட்ரஜன் ஒளிர்கிறது. வானத்து மின்னலிலும் ஒளிரும் அதே நைட்ரஜன்!

அந்த ஒளியில் பெரும்பகுதி புற ஊதா, கண்ணுக்கு எட்டாது.

ஆனால் அமெரிக்காவில் விற்கும் விண்டர்கிரீன் மணமூட்டிய லைஃப்சேவர்ஸ் மிட்டாயைக் கடித்தால் நீல ஒளி நன்றாகத் தெரியும். அந்த மணத்துக்குக் காரணம் மெத்தில் சாலிசிலேட். ஊட்டிக் கடைகளில் விற்கும் விண்டர்கிரீன் தைலத்திலும் மூட்டுவலிக்குத் தேய்க்கும் களிம்புகளிலும் மூக்கைத் துளைப்பது அதுதான். அது புற ஊதாவை விழுங்கி நீலமாக உமிழ்கிறது.

எப்படி? அந்த மூலக்கூறுக்குள்ளேயே ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு இருக்கிறது. ஓர் ஆக்சிஜனோடு கட்டுண்ட ஹைட்ரஜன், எதிரேயுள்ள இன்னோர் ஆக்சிஜனை நோக்கிச் சாய்ந்து நிற்கிறது. ஒளி பட்டதும் எலக்ட்ரான்கள் இடம் மாறுகின்றன, முனைவாக்கம் புரண்டுபோகிறது, ஹைட்ரஜன் எதிர்ப்பக்கம் தாவிவிடுகிறது. புதிய வடிவம் உமிழும் ஒளியில் ஆற்றல் குறைவு, அதனால் நீலம். உமிழ்ந்த பின் ஹைட்ரஜன் பழைய இடத்துக்கே திரும்புகிறது. 1950களின் நடுவில் வேதியியலாளர் ஆல்பர்ட் வெல்லர் தந்த விளக்கம் இது. அந்த ஹைட்ரஜனுக்குப் பதிலாக ஒரு மெத்தில் தொகுதியை வைத்தால் நீலம் மறைந்துவிடும்.

தாவ எவ்வளவு நேரம்? அமெரிக்காவின் கால்டெக் கல்வி நிறுவனத்தில் வேதியியலாளர் அகமது ஜெவைல் குழு 1992இல் அளந்தது: சுமார் 60 ஃபெம்டோ நொடி. நொடியை நூறு கோடிக் கூறாக்கி, அதில் ஒரு கூறை மீண்டும் பத்து லட்சமாக்கினால் கிடைப்பது ஒரு ஃபெம்டோ நொடி.

பேக்கன் எழுதியதற்கும் ஜெவைல் அளந்ததற்கும் நடுவே 372 ஆண்டுகள். அத்தனை காலமும் சர்க்கரை அடுக்களை டப்பாவில்தான் இருந்தது. இன்று திண்ம நிலையில் ஒளிரும் கரிமச் சாயங்களை வடிவமைப்பவர்கள் இதே தாவலை நம்புகிறார்கள். விழுங்கும் நிறமும் உமிழும் நிறமும் விலகி நிற்பதால், வெளிவரும் ஒளியை அடுத்த மூலக்கூறு திரும்ப விழுங்குவதில்லை. இங்கே பட்டம் வாங்குவோரில் சிலர் நாளை அந்த ஆய்வகங்களுக்குப் போவார்கள், போக வேண்டும்.

அதற்கு முன், பட்டம் பெறுவோர் எல்லோரும் வாசல் தட்டிலிருந்து ஆளுக்கொரு கற்கண்டுக் கட்டியை எடுத்துப்போகட்டும். இன்றிரவு விடுதி அறையில் விளக்கை அணைத்து, கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் காத்திருந்து, கட்டியைக் குறட்டில் வைத்து நெரிக்கட்டும். பெற்றோரும் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும்.