எரியும் விளக்குகள் எத்தனை?



திருப்பதிக்கு அருகே, ஐந்து கிலோமீட்டர் தொலைவில் உள்ளது திருச்சானூர். அலர்மேல்மங்கைத் தாயார் தாமரைத் திருக்குளத்தில் தோன்றினாள் என்று புராணம் போற்றும் ஊர் இது. தாயாரை மணம் புரிவதற்காக வேங்கடவன் குபேரனிடம் கடன் பெற்றான் என்றும், அக்கடனுக்கு இன்றளவும் வட்டி செலுத்தி வருகிறான் என்றும் வழங்கும் கதையை அறியாதார் நம்மில் இலர். தெய்வத்தின் திருமணக் கதையிலேயே கடனும் வட்டியும் இடம்பெற்றுவிட்ட இவ்வட்டாரத்தில் வாணிபக் கல்வி எவ்வாறு வளர்ந்துள்ளது, அதன் பயனை எந்த அளவுகோல் கொண்டு அளப்பது என்பனவே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

நம் நாட்டில் வாணிபம் வகுப்பறைக்குள் நுழைந்தது அண்மையில் அன்று. சென்னையில் பச்சையப்பன் அறநிலையத்தார் 1886 ஆம் ஆண்டிலேயே வணிகப் பள்ளி ஒன்றைத் தொடங்கினர். பம்பாயில் சிடன்ஹாம் கல்லூரி 1913 இல் தோன்றியது. வால்டேரில் உள்ள ஆந்திரப் பல்கலைக்கழகம் 1957 இல் எம்.பி.ஏ. என்னும் முதுநிலைப் படிப்பை ஏற்படுத்தியது. கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் இந்திய மேலாண்மைக் கழகங்கள் 1961 இல் எழுந்தன. திருச்சிராப்பள்ளிக்கு அத்தகைய கழகம் 2011 இலும், விசாகப்பட்டினத்திற்கு 2015 இலும் வந்து சேர்ந்தன.

திருப்பதியிலோ, ஆந்திர மாநிலம் பிறந்த மறு ஆண்டே, அதாவது 1954 இல், திருவேங்கடவன் பெயரால் ஒரு பல்கலைக்கழகம் அமைந்தது. பின்னர் 1983 இல், என். டி. ராமராவ் முதலமைச்சராக இருந்தபோது, பெண்களுக்கெனவே ஒரு பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. அதற்குத் திருச்சானூர்த் தாயாரின் பெயரே சூட்டப்பட்டது. ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் தொடங்கியபோது, பயின்ற மாணவியர் 300 பேர். பணியாற்றியோர் 20 பேர். இன்று இவ்விரு பல்கலைக்கழகங்களிலும் வாணிப நிர்வாகம் கற்பிக்கப்படுகிறது. சென்னையில் 1970 இல் தோன்றிய நிதி, மேலாண்மை ஆய்வு நிறுவனமும் எல்லை தாண்டி ஸ்ரீசிட்டிக்கு வந்து, 2018 இல் உருவான கிரியா பல்கலைக்கழகத்தின் அங்கமாக விளங்குகிறது. தமிழகத்திலிருந்து ஆந்திரத்திற்குக் குடிபெயர்ந்தவர்கள் நாம் மட்டும் அல்லர். கல்வி நிலையங்களும் அவ்வாறே குடிபெயர்ந்துள்ளன!

இத்தகைய கல்வி நிலையங்கள் யாவும் ஆண்டுதோறும் தம் பணியைத் தொகுத்துக் கூறுவது வழக்கம். புதிதாகச் சேர்த்த பாடங்கள், நடத்திய கருத்தரங்குகள், கோடை விடுமுறையில் மாணவர் தொழிலகங்களில் பெற்ற பயிற்சி, இறுதியில் வேலை பெற்றோர் தொகை, அவர்தம் ஊதியம் என்று அந்த அறிக்கை விரியும். பெற்றோர் முதலில் நோக்குவது இறுதிப் பகுதியைத்தான். மகளைப் படிக்கவைக்க நகையை அடகு வைக்கும் குடும்பம் அந்த எண்களை நம்பியே வைக்கிறது. ஆகவே, அவற்றைப் படிக்கும் முறையை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

எந்தக் கல்லூரியையும் சுட்டாமல், ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஒரு வகுப்பில் மாணவியர் 60 பேர். வேலை வேண்டும் என்று பதிவு செய்துகொண்டவர் 40 பேர். வேலை பெற்றவர் 36 பேர். பதிவு செய்தோரைக் கொண்டு கணக்கிட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு. வகுப்பு முழுவதையும் கொண்டு கணக்கிட்டால் நூற்றுக்கு அறுபது. இரண்டும் பொய்யல்ல. ஆயினும், இரண்டும் ஒன்றல்ல. இனி ஊதியத்தைக் கருதுவோம். பத்துப் பேரில் ஒன்பதின்மர் மாதம் 20,000 ரூபாயும், ஒருவர் 1,20,000 ரூபாயும் பெற்றால் சராசரி 30,000 ரூபாய் ஆகிறது. அந்த முப்பதாயிரத்தை உண்மையில் பெறுபவர் ஒருவரும் இலர்! இதனால்தான் மைய அரசின் தரவரிசைத் திட்டம் சராசரியைக் கேளாமல், வரிசையின் நடுவில் நிற்பவரின் ஊதியத்தைக் கேட்கிறது.

ஏட்டில் இருப்பது வேறு, நடப்பில் இருப்பது வேறு என்னும் இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். முதலாம் இராசேந்திர சோழனின் ஏழாம் ஆட்சியாண்டு, ஏறத்தாழக் கி.பி. 1019. திருவேங்கடமுடையானுக்கு இருபத்து நான்கு விளக்குகள் ஏற்றும் பொறுப்பை இவ்வட்டாரத்துத் திருமுண்டியம் என்னும் ஊரின் சபையார் ஏற்றிருந்தனர். அதற்குப் பொன்னும் பெற்றிருந்தனர். கொற்றமங்கலமுடையான் என்னும் அதிகாரி வந்து ஆராய்ந்தபோது, எரிந்தவை இரண்டே இரண்டு விளக்குகள்! அந்தப் பொன்னைக் கோயில் பண்டாரத்தில் சேர்த்து, விளக்குகளை அங்கிருந்தே ஏற்றி வருமாறு அவர் ஆணையிட்டார். இச்செய்தி தமிழ்க் கல்வெட்டாகத் திருமலையில் பொறிக்கப்பட்டுள்ளது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நடந்த இத்தணிக்கையை வாணிபக் கல்வியின் முதற்பாடமாகவே வைக்கலாம். அவ்வதிகாரி ஏட்டை மட்டும் நோக்கி நிறைவடையவில்லை, விளக்கையும் நோக்கினார்.

சரி, வாணிபக் கல்வியில் எரியும் விளக்கு என்பது யாது? திருச்சானூர்க் கோயில் வீதியில் மஞ்சள், குங்குமம், வளையல் விற்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். கார்த்திகைப் பிரமோற்சவம் ஒன்பது நாள். இறுதி நாளாகிய பஞ்சமி தீர்த்தத்தன்று பெருங்கூட்டம். அதை எதிர்நோக்கித் தந்தை ஐம்பதாயிரம் ரூபாயை மூன்று வட்டிக்கு வாங்கிச் சரக்கு நிரப்புகிறார். மாதம் 1,500 ரூபாய் வட்டி. திருவிழா முடிந்தும் பாதிச் சரக்கு தேங்கிவிடுகிறது. நான்கு மாதத்தில் ஆறாயிரம் ரூபாய் வட்டிக்கே போகிறது. திருவிழாவில் கண்ட ஆதாயத்தின் பெரும்பகுதி அதில் கரைகிறது. நிர்வாகம் படிக்கும் மகள் மூன்றாண்டு விற்பனைச் சீட்டுகளை எடுத்து, எந்த நாளில் எந்தப் பொருள் எவ்வளவு போயிற்று என்று பட்டியல் இடுகிறாள். “அப்பா, வளையலைப் பாதி வாங்குங்கள், குங்குமத்தை இரு தவணையாக வாங்குங்கள், கடன் இருபத்தையாயிரம் போதும்” என்கிறாள். தந்தை தயங்குகிறார், பின்பு இசைகிறார். அடுத்த ஆண்டு மாத வட்டி பாதியாகக் குறைகிறது.

இந்த வெற்றியை எந்த ஆண்டறிக்கையில் தேடுவது? அவள் நிறுவனம் எதிலும் சேரவில்லை. ஆகவே வேலை பெற்றோர் பட்டியலில் அவள் பெயர் இராது. ஆயினும், கற்ற கல்வி ஒரு வீட்டில் ஒளி தந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? தமிழில் பேசி, தெலுங்கில் விற்று, ஆங்கிலத்தில் படித்துத் தேர்ந்த பெண் அவள். அம்மூன்று மொழிகளும் அவளுடைய முதலே அன்றோ?

நிறுவனங்களில் வேலை பெறுவது சிறிது என்று நாம் கூறவில்லை. ஒரு பெண் தன் உழைப்பின் ஊதியத்தைத் தன் கையால் பெறுவது பெருமைக்குரியதே. அதையும் உண்மையாக எண்ணுங்கள், எண்ணப்படாத விளக்குகளையும் கணக்கில் சேருங்கள் என்பதே நம் வேண்டுகோள்.

ஆகவே நேயர்களே, உங்கள் மகனையோ மகளையோ இக்கல்வியில் சேர்க்கச் செல்லும்போது சில வினாக்களைத் தயங்காமல் கேளுங்கள். வகுப்பில் மொத்தம் எத்தனை பேர்? அவர்களுள் வேலை பெற்றவர் எத்தனை பேர்? நடுவில் நிற்பவரின் ஊதியம் யாது? அதில் உறுதியான தொகை எவ்வளவு, பின்னர்க் கிடைக்கலாம் என்பது எவ்வளவு? கோடைப் பயிற்சியில் மாணவர் உண்மையில் செய்த பணி யாது? சொந்தத் தொழிலுக்குத் திரும்பியோர் இன்று எவ்வாறு உள்ளனர்?

கொற்றமங்கலமுடையான் கேட்டதும் இத்தகைய வினாவே. இருபத்து நான்கு என்று ஏடு கூறும்போது, எரிபவை எத்தனை என்று கேட்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவராக நாம் இருப்போமாக.